அளவு ஜாக்கெட்டை நம்பாதீங்க

லேடீஸ் டெய்லருக்கு ரெண்டு விரோதி: ஒண்ணு தீபாவளி, இன்னொண்ணு அளவு ஜாக்கெட். எந்தக் காலத்திலோ தச்ச ஜாக்கெட்டை மேஜையில போட்டுட்டு, "இதே மாதிரி தச்சிருங்க"ன்னு பஸ்ஸைப் பிடிக்க ஓடிருவாங்க. நடுவுல உடம்பு ஏறியிருக்கும், இறங்கியிருக்கும். பழி மட்டும் நம்ம தலையில. மெஷின் மிதிக்கிற மக்களே, உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா! தென்காசியில பதினெட்டு வருஷமா மிதிக்கேன். எனக்குப் புத்தி வந்தது பேச்சிக்காவாலதான். அவளுக்கு இருந்ததோ ஒரே ஆசை: வருஷா வருஷம் போற மாதிரி இந்த சீசனுக்கும் மார்க்கெட் பொம்பளைகளோட குற்றாலத்துல போய் அருவிக்கு அடியில நிக்கணும்.

இதே மாதிரி

பேச்சிக்கா பாவூர்சத்திரம் மார்க்கெட்ல கத்திரிக்காய் மொத்த வியாபாரம். அவ விலை சொன்னா ரோட்டுல போற பஸ்சுக்குக் கேக்கும். நாலஞ்சு மாசமா ஆளைக் காணோம். திடீர்னு மகள்கிட்ட துணியும் அளவு ஜாக்கெட்டும் குடுத்து விட்டிருந்தா. நானும் அதே அளவுக்குத் தச்சு அனுப்பிட்டேன்.

மறுவாரம், தலையில துண்டு கட்டின ஒரு அம்மா வந்து ஸ்டூல்ல உக்காந்தாங்க. "என்ன தைக்கணும்மா?"ன்னு கேட்டேன். அவங்க பதில் சொன்ன பிறகுதான், குரலை வச்சு, இது பேச்சிக்கான்னு தெரிஞ்சுது. ஆளு பாதியா இருந்தா. ஜாக்கெட் வலது கையில ஏறவே இல்லையாம், மார்புப் பக்கம் தொளதொளன்னு கிடக்காம். எனக்கு வழக்கமான ரோஷம் வந்துட்டு. "அளவு ஜாக்கெட்டுக்கு ஒரு நூல் கூடக்குறைய இல்லக்கா, வேணும்னா வச்சுப் பாருங்க"ன்னு எகிறினேன்.

அவ எந்திரிச்சா. என்னைத் திரைக்குப் பின்னால கூட்டிட்டுப் போய்க் காட்டினா. மார்புல கேன்சர். வலது பக்கத்தை எடுத்துட்டாங்க. அங்கன நீளமா ஒரு தழும்பு மட்டும்தான். அக்குள்ல இருந்த நெறிக்கட்டியையும் சேர்த்து எடுத்ததால அந்தக் கை வீங்கிப்போயிருந்துது. என் வாயை நானே தச்சுக்கலாம் போல இருந்துது. அழுதே போட்டேன். அவதான் என் தோளைத் தட்டினா.

"ஏட்டி, நீ தச்சது சரியாத்தான் இருக்கு. நாந்தான் அளவு மாறிட்டேன்."

கொக்கி

சரி, டேப்பை எடுத்து புதுசா அளப்போம்னா அதுலயும் சிக்கல். காலையில எடுத்த கை அளவு சாயங்காலம் இருக்காது, வீக்கம் கூடிரும். ரெண்டு நேரமும் அளந்து சாயங்கால அளவையே வச்சுக்கிட்டேன். கீமோ ஏத்தினதுல நகமெல்லாம் கறுத்து, விரல் நுனி மரத்துப் போச்சு. கொக்கி கைக்கு அகப்பட மாட்டேங்குது. முடி கொட்டினப்போ கூட அழாதவ, "கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கு"ன்னு சொல்லும்போது கண் கலங்கிட்டா. டீ வாங்கிக் கொடுத்தேன். இரும்புக் கரண்டிய நக்குத மாதிரி இருக்குன்னு ஒரு வாயோட வச்சுட்டா.

கொக்கியே வேண்டாம்னு, பிள்ளைக செருப்புல ஒட்டிப் பிரிக்கிற பட்டை இருக்குல்லா, அதை வச்சுத் தச்சேன். என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன். கொஞ்ச நாள்ல அக்கா மறுபடியும் மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பிச்சா. முதல் நாளே போன் வந்துது. விலை சொல்லிக் கையைத் தூக்கினதும் பட்டை டர்ருன்னு பிரிஞ்சிருச்சாம். நல்லவேளை, சேலை மானத்தைக் காப்பாத்திருச்சு.

"சாக்கு கிழியுத சத்தம்னுட்டு யாவாரிக எல்லாம் அவனவன் மூட்டையத் திரும்பிப் பாக்கானுவட்டி!"

சாரல்

சீசன் சாரல் விழ ஆரம்பிச்சதும் அக்கா கடைக்கு வந்தா. மருந்தெல்லாம் ஏத்தி முடிஞ்சு, புண்ணும் நல்லா ஆறிருச்சு. டாக்டரும் அருவியில குளிக்கலாம்னுட்டாராம். வீங்கின கையில தண்ணி நேரா அடிக்காம ஓரமா நில்லுன்னு மட்டும் சொன்னாராம். "பொறவென்னக்கா, கிளம்ப வேண்டியதுதான?"ன்னேன். அவ தரையில கிடந்த வெட்டுத்துணியைக் காலால ஒதுக்கினா.

"நனைஞ்ச துணி ஒட்டும்லா. எல்லாவளும் என்னை அந்தப் பக்கமே பாப்பாளுவ. அத நெனச்சாத்தான் கால் வர மாட்டேங்கு."

பஞ்சு

இதுக்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? கெட்டித் துணியில ஒரு சுடிதார் டாப் தச்சேன். உள்ளுக்குள்ள ஒரு பை வச்சு, இடது பக்கத்துக்குச் சமமா நல்ல பஞ்சா அடைச்சேன். அக்கா போட்டுப் பாத்தா. கண்ணாடியில ஒரு குறை தெரியல. எனக்கு ஒரே தலைக்கனம். மார்க்கெட் பொம்பளைக குற்றாலம் போற வேன்ல நானும் தொத்திக்கிட்டேன்.

ஐந்தருவியில பொம்பளைக பக்கம், அக்கா ஓரமா போய் நின்னா. பஞ்சு தண்ணி குடிக்கும்னு பச்சப்பிள்ளைக்குக் கூடத் தெரியும், இந்தப் பதினெட்டு வருஷ டெய்லருக்குத் தெரியல. ரெண்டே நிமிஷத்துல பை கனத்து, தையல் விட்டு, பஞ்சு வயித்துக்கு இறங்கிருச்சு. மார்க்கெட் பொம்பளைக பூராவும் பாத்துட்டாங்க. பாவி, இவ ஆசையில மண்ணள்ளிப் போட்டுட்டேனே, இனிமே அருவிப் பக்கமே வர மாட்டாளேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

அக்கா வெளிய வந்தா. குனிஞ்சு பாத்தா. கழுத்து வழியாக் கையை விட்டுப் பஞ்சை உருவி, துணி பிழியுத மாதிரிப் பிழிஞ்சு, என் கையில திணிச்சா. தலைத் துண்டையும் அவுத்து எம்மேல போட்டா. தலையில ஒரு விரக்கடைக்கு முடி முளைச்சிருந்துது. துணி ஒட்டத்தான் செஞ்சுது. அப்படியே திரும்பி நடந்தா.

"இந்தச் சவத்தப் பிடிச்சிக்கிட்டு நீ இங்கனயே நில்லு. நான் இன்னும் குளிச்சு முடிக்கலல்லா!"

பதினெட்டு வருஷத்துல நான் தச்சதுலயே மட்டமான துணி அதுதான், ஆனா குறை சொல்லி என் கடைக்குத் திரும்பி வராத ஒரே துணியும் அதுதான்.