மாமனாரின் பூதப்படை

என் மாமனார் எங்கள் வீட்டை விட்டுப் போகப்போவதாகச் சொன்ன அதே வாரத்தில்தான் நான் அந்தப் பெட்டியை வாங்கி வந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பெட்டி, எனக்கு நானே வாங்கிக்கொண்ட பிறந்தநாள் பரிசு. அவர் போக நினைத்தது கோயம்புத்தூர் பக்கம் இருக்கும் ஒரு முதியோர் குடியிருப்புக்கு. அவரோடு வேலை பார்த்த ஒருவர் அங்கே இருக்கிறாராம். தனி அறை, சுற்றிலும் தோட்டம், வேளாவேளைக்குச் சாப்பாடு, ஒரு குறையும் இல்லையாம்.

காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு எதுக்கும்மா தொந்தரவு? ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க."

"உங்க இஷ்டம் மாமா" என்றேன். இன்னும் ஒரு கரண்டி சட்னி போட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு வாய் நீளம் என்று ஆபீஸில் பெயர். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கண்டுபிடித்ததை நயமாகச் சொல்லத் தெரியாது. பெங்களூர் தொம்மலூரில் எங்கள் ஆபீஸ் இருக்கும் மாடியில் என் நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலே இரண்டு பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு மாமனார் முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

அவரும் அப்படித்தான். கர்நாடக அரசின் பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் பாலம் கட்டியவர், ஒப்பந்ததாரர்களைக் கன்னடத்தில் கிழி கிழி என்று கிழித்தவர் என்று என் கணவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாமியார் காலமானதும் மைசூர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களிடம் வந்தார். வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் விருந்தாளி. சாப்பிட்ட தட்டை நான் எழுவதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுவார். "ஃபேன் போட்டுக்கலாமாம்மா?" என்று அனுமதி கேட்பார். டி.வி.யில் சத்தத்தை அறவே நிறுத்திவிட்டு, கீழே ஓடும் எழுத்தை மட்டும் படிப்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் ஹாலில் இருந்தால் போனில் தாழ்ந்த குரலில் பேசுவேன், சோபாவில் காலை நீட்ட மாட்டேன். எங்கள் வீட்டில் மரியாதை வழிந்து ஓடியது.

ஆனால் ஒன்று. என் கணவருக்கு அமெரிக்க நேரத்தில் வேலை. மாமா வருவதற்கு முன்பெல்லாம், சாயங்காலம் சாவி போட்டுத் திறந்தால் வீடு இருட்டாக இருக்கும். அவர் வந்த பிறகு, நான் மணியடிக்கும் முன்பே கதவு திறக்கும். "வந்துட்டியாம்மா? மழையில மாட்டிக்கிட்டியா?" என்பார். அதற்கு மேல் ஒன்றும் பேசமாட்டார். அந்த ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை அவரிடமும் சொன்னதில்லை, கணவரிடமும் சொன்னதில்லை.

இனி பெட்டிக்கு வருகிறேன். மந்திரமும் பூதங்களுமாக இருக்கும் ஒரு கற்பனை உலகத்தில், கட்டைவிரல் உயர பொம்மைகளை வைத்து மேசையில் போர் நடத்தும் விளையாட்டு அது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கென்றே ஸ்டார்ட்டர் செட் என்று விற்கிறார்கள். ஒரே பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று பகையான இரண்டு படைகள், பகடைகள், அங்குல ஸ்கேல், விரித்துப் போட ஒரு காகிதப் போர்க்களம், ஒரு விதிப் புத்தகம். பொம்மைகள் பாகம் பாகமாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம்தான் வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். ஆபீஸில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்துவிட்டு, தான் கனடாவுக்குப் போய்விட்டாள். ஆட எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கணவரைக் கேட்டேன். "எனக்கு லூடோவே ஜாஸ்தி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, நகவெட்டியால் ஒரு பூதத்தின் கையை வெட்டிக்கொண்டிருந்தேன். மாமா அந்தப் பக்கமாக மூன்று முறை நடந்தார். மூன்றாவது முறை நின்றார்.

"நான் ஏதாச்சும் பண்ணட்டுமாம்மா? சும்மாதான் இருக்கேன்."

மறுநாள் மதியத்துக்குள் பாதிப் படையை அவரே ஒட்டி முடித்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பல்குத்தியால் பசையைத் தொட்டுத் தொட்டு வைத்து, ஒவ்வொரு பூதத்தையும் நேராக நிற்கிறதா என்று மேசைமட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது. ஓரத்தில் கேள்விக்குறிகள் வேறு.

"முதல் பாடத்துல ஆளுக்கு ஒரே ஒரு பொம்மை, அடுத்ததுல அஞ்சாறு, அப்புறந்தான் முழுப் படை" என்றார். "நல்ல முறை. எங்க டிபார்ட்மெண்ட்ல எடுத்த எடுப்பிலேயே பாலத்தைக் குடுத்துடுவாங்க."

அடுத்தது யாருக்கு எந்தப் படை என்ற கேள்வி. ஒரு பக்கம் தங்கக் கவசம் போட்ட வீரர்கள். ஆள் குறைவு, ஒவ்வொருவனும் மலை. மறுபக்கம் பச்சைப் பூதங்கள். எண்ணிக்கை அதிகம், ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும்.

"நீங்க எடுங்க மாமா."

"உன் பெட்டி. நீ எடும்மா."

"பரவாயில்ல, நீங்க எடுங்க."

"இல்லம்மா, நீ."

இது காபி ஆறும் வரை நடந்தது. கடைசியில் அவர் பூதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது நம்ம ஆபீஸ் மாதிரி. ஆள் நெறைய, ஒருத்தனும் வேலைக்கு ஆகமாட்டான். எனக்குப் பழக்கம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஆட ஆரம்பித்தோம். ஆட்டம் விசித்திரமாக இருந்தது. என் தளபதிக்கு நேர் எதிரே அவருடைய பூதத் தலைவன் தனியாக நின்றான். பாய்ந்து அடிக்க வேண்டிய இடம். மாமனாரின் தலைவனை எடுத்த எடுப்பில் எப்படி அடிப்பது? என் தளபதியை ஒரு மரத்துக்குப் பின்னால் நகர்த்தினேன். அவருடைய முறை வந்தது. அவருக்கும் என்னைச் சுற்றி வளைக்க வழி இருந்தது. அவர் பூதங்களை வரிசையாகப் பின்னுக்கு இழுத்து, "இங்க நிழலா இருக்கு" என்றார். ஒரு முறை அவருக்கு அருமையாக ஆறு விழுந்தது. "பகடை பேப்பர் மடிப்புல சாஞ்சிருக்கு, செல்லாது" என்று அவராகவே எடுத்து மறுபடி போட்டார். எனக்கு ஆறு விழுந்தபோது நான் எண்ணத் தெரியாதவள் மாதிரி நடித்தேன். புத்தகத்தில் சொன்ன சுற்றுகள் முடிந்தன. ஒரு பொம்மைகூடச் சாகவில்லை.

"நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா" என்றேன்.

அடுத்த வாரமும் இதே கதை. சோபாவில் படுத்திருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். "இது போரா, கல்யாணப் பந்தியா? நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்கன்னு ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. எனக்கு முகம் சூடேறியது.

அன்று பாத்திரம் துலக்கும்போது அது என்னைக் குடைந்தது. என் விளையாட்டு கெட்டது போகட்டும். ஆறேழு மாதமாக நான் ஆசைப்பட்ட விளையாட்டு. ஆனால் மேசையில் நடந்ததேதான் இட்லித் தட்டுக்கு முன்னாலும் நடந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அவர் எனக்கு வழிவிட்டு ஒரு அடி பின்னால் போகிறார். நான் அவருக்கு வழிவிட்டு ஒரு அடி பின்னால் போகிறேன். இப்படியே போனால் அவர் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிடுவார். அவருக்கு அங்கே போக உண்மையிலேயே ஆசையா? எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லையே. கணவரிடம் கேட்டதற்கு, "அப்பாவா முடிவு பண்ணது, நாம என்ன சொல்றது?" என்றார். இந்தக் குடும்பத்தில் மூன்றாவது ஆளும் அதே ரகம்.

அதற்கடுத்த சனிக்கிழமை சாயங்காலம் முதியோர் குடியிருப்பின் மேலாளர் போன் செய்வதாக இருந்தது. அறையை உறுதி செய்கிறாரா இல்லையா என்று மாமா அப்போது சொல்லிவிட வேண்டும். மதியம் சாப்பாடு முடிந்ததும் அவரே போர்க்களக் காகிதத்தை விரித்தார். "கடைசியா ஒரு ஆட்டம் போட்டுடலாமாம்மா?"

கடைசியாக என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் வந்தது. ஆபீஸில் வருமே, அந்தக் கோபம். இரண்டாவது சுற்றிலேயே என் தளபதியை அவருடைய தலைவன் மேல் பாயவிட்டேன். பாய்வதற்கு விதி எளிது. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை இடைவெளி அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எட்டு அங்குலம். எட்டு விழுந்தது. அடுத்த உருட்டலில் பூதத் தலைவன் காலி. பொம்மையை எடுத்து மேசைக்கு வெளியே வைத்தேன்.

மாமா அந்த வெற்றிடத்தையே பார்த்தார். "என்னம்மா இது? சொல்லாம கொள்ளாம!"

"போர் மாமா. சொல்லிட்டா அடிப்பாங்க?"

எழுந்து அறைக்குப் போனார். ஐயோ, மனம் புண்பட்டுவிட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் ஸ்டீல் டேப். பாலம் அளந்த டேப். சரக்கென்று இழுத்து, என் தளபதி கிளம்பிய இடத்திலிருந்து அளந்தார்.

"எட்டே முக்கால். உன் பாய்ச்சல் செல்லாது. என் ஆளைத் திருப்பி வை."

"பெட்டியோட வந்த ஸ்கேல்ல எட்டுதான்!"

"அது விளையாட்டுச் சாமான். இது கவர்மெண்ட் டேப்."

குனிந்து பார்த்தேன். பொம்மை நிற்கும் வட்டத்தட்டின் முன் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் அவரே அடிக்கோடு போட்டிருந்தார். இப்போது பின் விளிம்பிலிருந்து அளக்கிறார். தெரிந்தே அளக்கிறார். மீசைக்குள் ஒரு சின்னத் துடிப்பு காட்டிக்கொடுத்தது.

"மாமா, அழுகுணி ஆட்டம் ஆடாதீங்க!"

கத்திவிட்டேன். ஆபீஸ் குரல். சோபாவில் கணவர் எழுந்து உட்கார்ந்தார். வீட்டில் அந்தக் குரலில் நான் பேசியதே கிடையாது.

"யாரு? நானா அழுகுணி?" அவர் குரல் என்னுடையதைவிட உரக்க எழுந்தது. ஒப்பந்ததாரர்கள் கேட்ட குரல் அதுவாகத்தான் இருக்கும். "நீ மரத்துக்குள்ள பூந்து வந்தியே, அதுக்கு ஒரு அங்குலம் கழிச்சியா? கழிக்கல! பார்த்துட்டுச் சும்மாதான் இருந்தேன்!"

"அப்பவே சொல்றதுதானே!"

"பாவம்னு விட்டேன்!"

"எனக்கு யாரும் பாவம் பார்க்க வேணாம்!"

"சரி, இப்ப பாரு."

பூதங்கள் மொத்தமும் கிளம்பின. தலைவன் போன ஆத்திரம் அவர் கையில் தெரிந்தது. மூன்று பக்கமும் வளைத்து, பகடையைக் கைக்குள் குலுக்கி, "வா ராஜா, வா" என்று கூப்பிட்டு உருட்டினார். சாய்ந்த பகடையைக்கூட இந்த முறை விடவில்லை. என் கவச வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தார்கள். கடைசியில் தளபதி பூதங்களின் நடுவே தனியாக நின்று விழுந்தான். மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நானும் தோற்ற எரிச்சலோடு சிரித்தேன். "அடுத்த வாரம் உங்களை நார் நாராக் கிழிக்கறேன்."

"கிழிப்பே, கிழிப்பே. அடுத்த வாரம் நான் பின்பக்கமா ஒரு குரூப்பை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

கீழே ஆட்டோ ஒன்று கிளம்பிப் போனது.

"அடுத்த வாரம் நீங்க எங்க மாமா இருப்பீங்க?" என்றேன்.

அவர் டேப்பை மெதுவாகச் சுருட்டினார். "உங்களுக்குத் தொந்தரவா இருக்க வேணாம்னுதான்..."

"தொந்தரவுன்னு நான் என்னைக்காவது சொன்னேனா?"

"சொல்லலம்மா." என்னைப் பார்க்காமல் சொன்னார். "இருங்கன்னும் சொல்லலியே. உங்க இஷ்டம்னியே."

எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. நல்லவேளை, வாய் மட்டும் வேலை செய்தது. "இப்ப சொல்றேன். இருங்க. சாயங்காலம் நான் வரும்போது நீங்க கதவைத் திறக்கணும். எனக்கு அது வேணும். நீங்க போகக் கூடாது மாமா."

விழுந்து கிடந்த என் வீரர்களை மாமா ஒவ்வொருவராக எடுத்து நிமிர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார். கணவர் வாயைத் திறக்கப் பார்த்தார். நான் முறைத்ததும் மூடிக்கொண்டார்.

போன் அடித்தது. மாமா திரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார், காதில் வைத்தார்.

"வணக்கம் சார். ஆமா, நான்தான். இல்லைங்க சார், ரூம் வேணாம். இல்ல இல்ல, உங்க பக்கம் ஒரு குறையும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்ல விடமாட்டேங்கறாங்க."

அந்தப் பக்கம் இருந்தவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "என்ன பண்றது சார், மருமக விடமாட்டேங்கறா."