எழுதிக் கொடுக்காத பங்கு

சின்ன வயதிலிருந்தே எனக்கு அண்ணாவிடம் பயம். அவர் கை நீட்டியதில்லை. ஒரு பார்வை பார்த்தால் போதும், சொல்ல வந்ததை முழுங்கிவிடுவேன். ஐம்பது தாண்டி, ஆபீஸில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவளாகியும் அது போகவில்லை. அதனால்தான் அப்பாவின் முதல் திவசத்தன்று, வீட்டை என்ன செய்வது என்று அவர் பேச்செடுத்ததுமே, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், எழுதிக் குடுத்துடறேன்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். பெருந்தன்மை என்று நினைத்தார்கள். வெறும் பயம்.

ஸ்ரீவராகத்திலுள்ள அந்த வீடு எங்கள் மூன்று பேருக்கும் பொது. அண்ணா பெங்களூரில். நான் அதே ஊரில், கரமனையில் குடித்தனம். கல்யாணம் செய்துகொள்ளாத அக்காதான் அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளம். அதை மூன்றாக வெட்ட முடியாது. நான் விலகினால் அக்கா நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். யாருக்காக விலகுகிறேன் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கரண்ட் பில் முதல் எல்லாமே ஆண்பிள்ளை பெயரில் போகிற வழக்கம். அண்ணாவும் என் பங்கு தனக்கென்றே எடுத்துக்கொண்டார்.

போன மாதம் அவர் வந்து, பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரிடம் என்னை அழைத்துப் போனார். பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு இங்கே ஒழிமுறி என்று பெயர். எழுதுகிறவர் அதை மலையாளத்தில் வாசிக்க வாசிக்க நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நடுவில், இன்னொரு சகோதரி தன் பங்கை ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டதால் இனி வீடு முழுவதும் சகோதரனுக்கே என்று ஒரு வரி வந்தது. அண்ணா பக்கம் திரும்பினேன்.

"அக்கா எப்போ எழுதினா?"

"போன வாரம். நீ தரேன்னதும் அவளும் சரின்னுட்டா."

"அப்போ அவ எங்கே இருப்பா, அண்ணா?"

"தெருவிலயா விடப்போறேன்? நல்ல முதியோர் இல்லமாப் பாத்து வெச்சிருக்கேன். வீட்டை வாங்க ஆள் வந்தாச்சு."

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். 'முடியாது' என்று சொல்லத் தைரியமில்லை. தலை சுற்றுகிறது, நாளைக்கு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் பின்னால் அவர் கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

ஸ்ரீவராகத்து வீட்டில் அக்கா சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் எழுதிக் குடுத்தே?" என்று கத்தினேன்.

"நீயே விட்டுக்குடுக்கறப்போ நான் மட்டும் பிடிச்சிண்டிருந்தா நன்னாயிருக்குமோ? அண்ணாவுக்கு தேஷ்யம் வந்தா எனக்குப் பேடியாக்கும்."

அண்ணா கோபித்துக்கொள்வாரோ என்று அவளுக்கும் அதே பயம். இத்தனை வருஷமும் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"அந்த முதியோர் இல்லத்துக்குப் போறதுக்கு நோக்கு சம்மதமா?"

"எந்த இல்லம்?" என்றாள்.

கத்தியைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள். சொன்னேன். கிழங்குத் துண்டுகளைத் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டாள். இந்த வீட்டில் அவளுக்கு இனி ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. நான் இன்னும் கையெழுத்துப் போடாத அந்த மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

அப்போது அண்ணாவின் போன் வந்தது. இரண்டு முறை அடித்து ஓயவிட்டு, மூன்றாவது முறை எடுத்தேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு."

"வரமாட்டேன், அண்ணா. என் பங்கை நான் தரமாட்டேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் தோளைப் பற்றிக்கொண்டு, அழுகிற குரலில் கிசுகிசுத்தாள்: "அண்ணா கோவிச்சுக்கப் போறார்டீ. குடுத்துடேன்."