வெள்ளிக்கிழமைச் சாட்சி

அந்தப் பவுடரின் வாடையைச் சொல்ல வேண்டுமானால், மழையில் நனைந்து ஒரு வாரம் மூலையில் கிடந்த சாக்கைத்தான் சொல்ல வேண்டும். டப்பாவின் மேல் பச்சை இலைகளும் யாரோ ஒரு பெண்ணின் சிரிப்பும் அச்சிடப்பட்டிருந்தன. உள்ளே சாணிக்கும் பாசிக்கும் இடைப்பட்ட நிறத்தில் ஒரு தூள். வெந்நீரில் போட்டால் கரையாது. கட்டி கட்டியாக மிதந்து, கரண்டியில் சளிபோல ஒட்டிக்கொள்ளும். அம்மா காலையிலும் மாலையிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் குடிப்பாள். அதைக் கழுவுவது என் வேலை. எத்தனை முறை தேய்த்தாலும் அடியில் பழுப்பாய் ஒரு வளையம் நிற்கும். அந்த டம்ளரில் நான் பிறகு தண்ணீர் குடித்ததே இல்லை.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில் எங்கள் ஊர். அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். வயது ஐம்பத்தொன்று. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நின்றது நின்றதாக இல்லாமல், அதன் பின்னால் ஒரு சூடு வந்து சேர்ந்தது. சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து எழும்பி முகம் முழுக்கப் பரவும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த நிமிடமே உடல் குளிர்ந்து நடுங்கும். “முன்னாடியும் அடுப்பு, உள்ளயும் அடுப்பு. நான் எந்த அடுப்ப அணைக்க?” என்று சிரிப்பாள். தூக்கம் இல்லை. முழங்கால் வலி. காரணமில்லாத கோபம், அது பெரும்பாலும் என் மேல்.

பவுடரைக் கொண்டுவந்தவர் எங்கள் கிறிஸ்தவ சபையின் பெண்கள் கூட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அம்மா உட்பட ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். அவர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை. விற்பவர் என்று அவரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

“நான் யாவாரியா தங்கச்சி? எனக்குக் கெடச்ச சொகம் உனக்கும் கெடைக்கட்டுமேன்னு சொல்றேன். இங்கிலீசு மாத்திர ஒண்ணக் குடுத்து ஒண்ணக் கெடுக்கும். இது இயற்கை. ஒண்ணும் செய்யாது.”

ஒன்றும் செய்யாது என்பது மட்டும் உண்மையாக இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் அம்மா முதல் டப்பாவைத் திறந்தாள். மூன்று வாரத்தில் சூடு பாதியாய்க் குறைந்தது. டீச்சர் பூரித்துப்போனார். எனக்கு மட்டும் கணக்கு வேறாகத் தெரிந்தது. பள்ளி மூடியிருந்தது; இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கும் அந்தத் தகரக்கூரைக்குள் அம்மா நிற்கவில்லை. உலை கொதிக்கும் இடைவெளியில் குடித்துவந்த நான்கைந்து டீ நின்றுபோயிருந்தது. விடியற்காலையில் கண்மாய்க் கரையில் நடந்தாள். நைலக்ஸ் சேலையை மடித்து வைத்துவிட்டு வீட்டில் பழைய நூல்சேலை கட்டினாள். எள்ளுருண்டையும் கம்பங்கூழும் சாப்பிட்டாள். இவை அனைத்தும் செய்த வேலைக்கு அந்தச் சகதி பெயர் வாங்கியது. நான் இதை அம்மாவிடம் சொன்னேன்.

“பெரியவுக குடுத்தத நக்கல் பண்ணாத” என்றாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து மூன்றாவது நாள், குளியலறைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த வாளியை எடுத்தேன். அடியில் ஒரு சட்டியில் ஊறவைத்த பழைய சேலைத்துணி. தண்ணீர் துருநிறத்தில் இருந்தது, ஈ மொய்த்தது. வாளியை இருந்தபடியே கவிழ்த்துவிட்டுக் கைகழுவினேன். இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வாரம்தான் கல்லூரிக் கருத்தரங்கில் பெண்ணுடல் பற்றி நாற்பது பேர் முன்னால் தடுமாறாமல் கட்டுரை வாசித்திருந்தேன். வீட்டில், பெற்றவளிடம், “ரத்தம் படுதா?” என்ற இரண்டு சொல்லைக் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளை நினைத்தால் பவுடரைவிட என்மேல்தான் அருவருப்பு அதிகம்.

கேட்டபோது அம்மா தலையை நிமிர்த்தவில்லை. “அஞ்சு நாளா இருக்கு.”

“ஒரு வருசத்துக்கு மேல நின்னுட்டு மறுபடி பட்டா உடனே டாக்டரப் பாக்கணும்மா. புத்துநோயாக்கூட இருக்கலாம். நாளைக்கே அருப்புக்கோட்டை போவோம்.”

“டீச்சர்ட்ட கேட்டுட்டேன். கெட்ட ரத்தமாம். பவுடரு வேல செய்யுதாம். உள்ள தேங்குன கழிவெல்லாம் வெளிய வருதுன்னாக.”

கழிவு. என்னைப் பத்து மாதம் வைத்திருந்த இடத்தைப் பற்றி டீச்சருக்குக் கிடைத்த சொல் அது.

நான் அழுதேன், கத்தினேன். கடைசியில் அம்மா பேரம் பேசினாள். வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் சுகம் கிடைத்ததைப் பற்றி எல்லார் முன்னாலும் சாட்சி சொல்வதாக டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருந்தாளாம். “எனக்கு அ ஆ போட்டுக் குடுத்தவுக. அவுக மூஞ்சிய எப்பிடித்தா முறிக்க? வெள்ளிக்கெழம முடியட்டும். திங்கக்கெழம வாரேன்.”

நோய்க்கு வெள்ளிக்கிழமை தெரியுமா என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை, வேதக்கோயில் பக்கத்து அறையில் முப்பது பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டார். எழுவதற்கு முன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. சேலையின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். அவள் எழுந்து நின்று பேசினாள்.

“ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஒண்ணர வருசமா நெருப்புல நின்னேன். டீச்சர் மூலமா எனக்கு வழி தெறந்துச்சு. இப்ப நல்லாத் தூங்குறேன். என் ஒடம்புல இருந்த கழிவெல்லாம் வெளிய போயிக்கிட்டிருக்கு.”

“ஆமென்” என்றார்கள். அவள் பேசிய அந்த நேரத்திலும் ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது என்பதை அறையில் மூன்று பேர் அறிவோம். அதில் ஒருவர் துணிப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் தூக்கிக் காட்டினார். ஜெபத்துக்காக நீட்டிய கைகள் டப்பாவுக்காகவும் நீண்டன. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அம்மாவுக்கு மதினி முறை, ஒன்று வாங்கினார். ஊர்க் கோடியில் தையல் தைக்கும் அக்கா ஒன்று வாங்கினார். நான் எழுந்து வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறி அருப்புக்கோட்டை மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் எங்கள் அம்மாவைவிட இளையவர். “நின்னு ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் வந்துரணும்மா” என்றார். ஸ்கேன் எடுத்து, உள்ளிருந்து சிறிது சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அம்மா பவுடரைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அதுல என்ன கலந்திருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிறுத்திருங்க.”

“அப்ப எள்ளு, கம்பு, நடக்குறதெல்லாம்?”

“அதெல்லாம் தாராளமா செய்யுங்க. எலும்புக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது. ரத்தம் பட்டா மட்டும் அஞ்சறைப் பெட்டியில மருந்து தேடாதீங்க.”

முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. கருப்பையின் உள்தோல் தடித்திருந்தது. புற்று இல்லை, கவனிக்காமல் விட்டிருந்தால் அப்படி ஆகியிருக்கக்கூடும். மாத்திரையும், சில மாதங்களுக்குப் பிறகு மறு சோதனையும். நான் மருத்துவமனை வாசலிலேயே அதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அம்மா சந்தோஷப்படவில்லை.

“ரெண்டு பேரு என் வாயக் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காளுக” என்றாள்.

அன்று மாலையே கிளம்பினோம். பக்கத்து வீட்டு மதினி ஆட்டுக்குக் கருவேலங்காய் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா நடந்ததை முழுவதும் சொன்னாள். பொய் என்ற சொல்லையும் சொன்னாள். மதினி கையைத் தட்டிச் சிரித்தார்.

“அட போங்க மதினி! அந்த நாத்தத்துக்கு நான் ஒரு வாய் தாண்டல. ஆட்டுக்கு வச்சேன், அதுவும் மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. எங்க ஆட்டுக்கு இருக்குற அறிவு ஒங்க டீச்சருக்கு இல்ல.”

அம்மாவும் சிரித்தாள். அந்த லேசான மனத்தோடுதான் தையல் அக்கா வீட்டுப் படி ஏறினோம். அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு, கணவர் இறந்தவர். இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. டப்பா பக்கத்திலேயே, முக்கால்வாசி காலியாக.

“எனக்குப் பவுடரு நல்லாக் கேக்குதுக்கா” என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அம்மா டப்பாவைப் பார்த்தாள், பிறகு அவரை. “ஏத்தா, ஒனக்கு நின்னு எத்தன நாளாச்சு?”

“ரெண்டு வருசம்.”

“இப்பப் படுதா?”

ஊசி நின்றது. “நாலு நாளா. அது கழிவுன்னு நீங்கதானக்கா சாட்சி சொன்னீக?”

அம்மாவின் முகம் போன போக்கை நான் எழுத விரும்பவில்லை. அவள் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள்: வாளி, ஸ்கேன், சோதனை, தான் அந்தக் கூட்டத்தில் எதற்காக அப்படிப் பேசினாள் என்பது. மதினியிடம் சொன்னதைவிடக் குரல் தாழ்ந்திருந்தது. “நாளைக்குக் காலம்பற பஸ்ஸு இருக்கு. நான் கூட வாரேன். லீவு போட்டுட்டு வாரேன்.”

அக்கா துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“டீச்சர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்க்கா.”

எனக்குள் அந்தச் சாக்கு வாடை மறுபடி எழுந்தது. அந்த டப்பாவைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும் போலிருந்தது. இவரும் அம்மாவைப் போலவே ஒரு வெள்ளிக்கிழமையைக் காட்டி நாளைத் தள்ளுவார் என்று தோன்றியது. எழுந்துவிடலாம் என்று அம்மாவின் தோளைத் தொட்டேன்.

அம்மா எழவில்லை. சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் கிடந்த துணித் துண்டுகளை ஒதுக்கி, சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தாள்.

“கேளு. இப்பவே போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு. அவுக கழிவும்பாக. நான் இங்ஙன இருந்தே இல்லம்பேன். அவுகள எதுத்து ஒரு நாளும் பேசுனதில்ல, இன்னைக்குப் பேசுறேன்.”

அக்கா மடித்த துணியை இயந்திரத்தின் மேல் வைத்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார்.