மூன்றாவது படகு யாருடையது

எங்கள் தெருவில் கரண்ட் இருக்கிறதென்றால் குளோரிபெல் கதை எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய்விட்டால் பாட்டுப் போடுகிறாள். இந்த ஏற்பாட்டை அவள் செய்யவில்லை, மின்சாரக்காரர்களும் செய்யவில்லை. நான் செய்தேன். பிலிப்பைன்ஸின் செபுத் தீவில் எங்கள் கடற்கரைப் பேட்டையில் வீடியோகே பெட்டி வைத்து நடத்துகிறவள் நான். காசு போட்டால் திரையில் பாட்டு வரி ஓடும், மைக்கைப் பிடித்துக்கொண்டு அவரவர் தொண்டைக்குத் தக்கபடி கத்தலாம். பெட்டி என் பெட்டிக்கடை வாசலில் நிற்கிறது. குளோரிபெல்லை நாங்கள் பெல் என்போம். என் சுவரும் அவள் சுவரும் ஒன்றுதான்.

காதுக்குள் ஒருவன் காதல் தோல்வியைக் கதறிக்கொண்டிருக்கும்போது யாரால் புது மெட்டுப் போட முடியும்? அதனால் என் பெட்டி பாடும் நேரமெல்லாம் அவள் எழுதினாள். கரண்ட் போகும், பெட்டி வாயை மூடும், மின்விசிறிகள் நிற்கும், தெருவே ஊமையாகிவிடும். அவ்வளவுதான், கிடாரை எடுத்துக்கொண்டு, போனில் மிச்சமிருக்கிற சார்ஜில் பாட்டைப் பதிவு செய்துவிடுவாள். பக்கத்து வீட்டுச் சண்டைச் சேவல்களுக்கு மட்டும் கரண்ட் தேவையில்லை. அவளுடைய பாதிப் பாட்டில் ஒரு சேவல் கூவும். நான் ஒருமுறை பரிதாபப்பட்டு, "இந்தாய், வேணும்னா மத்தியானத்துல பெட்டியை நிறுத்திடறேன்" என்றேன். இளையவளை இங்கே இந்தாய் என்றும் மூத்தவளை மானாங் என்றும்தான் கூப்பிடுவோம். "நிறுத்திடாதீங்க மானாங், அப்புறம் நான் கதை எழுத மாட்டேன்" என்றாள். ஆக, அவளுடைய நாவலில் பாதி என்னுடைய சத்தம். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

எங்கள் விசயா மொழியில், போனில் படிக்கிற தொடர்கதை அது. வாரம் ஒரு அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒரு பாட்டு. பிழைப்புக்குக் கருவாட்டுக் கடைக்கும் சோப்புக்கும் விளம்பரப் பாட்டுப் போட்டுக் கொடுப்பாள். நகரத்திலிருந்து ஒரு பதிப்பகத்தார் வந்து, "பாட்டையெல்லாம் எடுத்துட்டுக் கதையைக் கொடுங்க" என்றார். பிறகு ஒரு இசைக் கம்பெனிக்காரன் வந்து, கதையில் வீணாகும் நேரத்தில் இன்னும் நாலு பாட்டுப் போடலாமே என்றான். இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டாள். ரெண்டு குதிரையில் சவாரி செய்யாதே என்று தெருவில் எல்லோரும் புத்தி சொன்னோம், நானும்தான். "எனக்குக் கண்ணு ரெண்டு இருக்கு மானாங். ஒண்ணு போதும்னு இன்னொண்ணைக் குத்திக்கவா?" என்று கேட்டாள்.

கதை என்னவென்றால், படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற லூமிங், கப்பல் வேலைக்குப் போன கிறிஸ்போவுக்காகக் காத்திருக்கிறாள். முதல் படகு அரிசி கொண்டு வந்தது, இரண்டாவது படகு சேதி கொண்டு வந்தது, மூன்றாவது படகு உன்னைக் கொண்டு வரும் என்று அவள் முணுமுணுக்கும் பாட்டுதான் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மீன் கழுவுகிறவள் பாடினாள், ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிற என் தங்கை பாடினாள். எதிரே வாழைப்பழம் பொரித்து விற்கிற எப்பாங், எண்ணெய் காயும்வரை அதைத்தான் பாடுவாள். தினமும் சாயங்காலம் பார்வை போன ஒரு கிழவிக்குப் பொரித்த பழம் கொண்டுபோய்க் கொடுத்து, கதையையும் படித்துக் காட்டிவிட்டு வருவாள். அந்தக் கிழவி வேறு யாருமல்ல, எங்கள் பேட்டைத் தலைவர், நாங்கள் கப்பித்தான் என்று கூப்பிடுகிற துலோவைப் பெற்றவள். வீட்டுக்குள் நடந்த இந்த வாசிப்பு துலோவுக்குத் தெரியாது. அவருக்கு ஊர் விஷயம் மட்டும்தான் தெரியும்.

தேர்தல் வந்தது. துலோ மூன்றாவது முறையாக நின்றார். இங்கே வேட்பாளருக்குக் கொள்கை இல்லாவிட்டாலும் பாட்டு இல்லாமல் ஆகாது. ஊர் வாயில் இருக்கிற மெட்டை எடுத்து, வேட்பாளர் பெயரைச் செருகி, மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றிவர வேண்டும். மூன்றாவது முறை நிற்கிறவருக்கு மூன்றாவது படகைவிடப் பொருத்தமான பாட்டு எங்கே கிடைக்கும்? மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு நேராக பெல் வீட்டுக்கு வந்தார். நான் கதவுப் பக்கத்திலேயே நின்றேன். கேட்காமல் இருப்பதற்கு எனக்கென்ன கிறுக்கா?

"பேட்டை மன்றத்து மாடியில ஒரு ரூம் தர்றேன் இந்தாய். ஜெனரேட்டர் இருக்கு. சத்தம் உள்ள வராதபடி சுவருக்கு மெத்தை அடிச்சுத் தர்றேன். இந்தப் பொம்பளையோட பெட்டிச் சத்தத்துல நீ ஏன் அல்லாடணும்?" என்று என்னைக் காட்டினார்.

பெல்லின் முகத்தில் ஆசை வந்ததை நான் பார்த்தேன். வராமல் இருந்தால்தான் அதிசயம். அவள் வாழ்நாளில் கதவு சாத்தினால் அமைதியாகிற ஓர் அறையில் உட்கார்ந்ததில்லை.

"அந்தப் பாட்டு கதையில எங்க வருதுன்னு தெரியுமா கப்பித்தான்?" என்று கேட்டாள்.

"எங்க வந்தா என்ன?"

"முழுசா வர்றது கடைசி அத்தியாயத்துலதான். கிறிஸ்போ திரும்பி வர்றான், கோயில்ல கல்யாணம். அங்க லூமிங் அதை முதல் தடவையா வாய்விட்டுப் பாடப்போறா. ஆறு வருஷமா அந்த இடத்துக்காகத்தான் எழுதிட்டு வர்றேன். நீங்க எடுத்துக்கிட்டா, அவ வாயைத் திறந்ததும் எல்லாருக்கும் உங்க மீசைதான் ஞாபகம் வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துலோவுக்கு வரவில்லை. "கதையை யாரு படிக்கிறா? வேலைவெட்டி இல்லாத பொம்பளைங்க படிக்கிறது. ஊருக்கு வேண்டியது பாட்டு. கதை யாருக்கு வேணும்?"

"அப்ப பாட்டும் கிடையாது. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்தது, பிரிச்சுத் தர மாட்டேன்" என்றாள் பெல்.

அடுத்த வாரம் தெருமுனையில் அந்த மெட்டு கேட்டது. முதல் முறை விளக்கு தந்தார், இரண்டாம் முறை சாலை தந்தார், மூன்றாம் முறையும் வருகிறார் துலோ! எவனோ கூலிக்குப் பாடியிருந்தான், பாவி, நன்றாக வேறு பாடியிருந்தான். வண்டி காலையில் போனது, மதியம் போனது, சாயங்காலமும் போனது. எனக்கே வயிறு எரிந்தது. "புகார் கொடு" என்றேன். "யார்கிட்ட கொடுக்கறது?" என்று கேட்டாள். உண்மைதான். எங்கள் பேட்டைக்குள் ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கப்பித்தானிடம்தான் போக வேண்டும். அவர்தான் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவார். திருடனிடமே திருட்டைப் பதிவு செய்வதா?

வார முடிவில் வாசலுக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "மானாங், இன்னிக்குப் பெட்டியை நிறுத்தாதீங்க. யாரும் வரலைன்னா நீங்களே பாடுங்க" என்றாள். என் குரலை விரும்பிக் கேட்ட ஒரே மனுஷி அவள்தான் என்று சந்தோஷமாகப் பாடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காகக் கேட்டிருக்கிறாள். அது மறுநாள் அத்தியாயத்தைப் படித்தபோதுதான் புரிந்தது.

மூன்றாவது படகில் கிறிஸ்போ வந்துவிட்டான். சவப்பெட்டிக்குள் வந்தான்.

துறையிலிருந்து இடுகாடு வரை சவ ஊர்வலம் போகிறது. லூமிங் பெட்டிக்கு முன்னால் நடந்தபடி அந்தப் பாட்டைப் பாடுகிறாள். ஊர்வலம் கடக்கக் கடக்கக் கடைக்காரப் பெண்கள் ஷட்டரைப் பாதி இறக்குகிறார்கள். தாய்மார்கள் தூங்குகிற குழந்தைகளை எழுப்பித் தூக்கிக்கொள்கிறார்கள், பிணம் போகும்போது உறங்குகிற உயிரும் கூடப் போய்விடக் கூடாதே என்று. எங்கள் தெருவில் நாங்கள் எப்போதும் செய்வதுதான். அதை அப்படியே எழுதியிருந்தாள். அத்தியாயத்துடன் வந்த பாட்டில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. மெதுவாகப் பாடியிருந்தாள், அவ்வளவுதான். மூன்றாவது படகு உன்னைக் கொண்டு வரும். சேவல்கூடக் கூவவில்லை.

நான் அவளைச் சும்மா விடவில்லை. "ஆறு வருஷம் காக்க வச்சிட்டுப் பொணத்தையா கொடுக்கறே? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று சுவரைத் தட்டிக் கத்தினேன். எப்பாங் அவளுக்கு வாழைப்பழம் விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். துணி தேய்த்துக்கொண்டே படித்து, எஜமானியின் சட்டையைக் கருக்கிவிட்டேன் என்று ஹாங்காங்கிலிருந்து என் தங்கை திட்டினாள். ஒருமுறை பெல் சுவருக்கு அப்பாலிருந்து, "அவனைக் கொன்னது நான்தான் மானாங். எனக்கு வலிக்காதுன்னு நெனச்சீங்களா?" என்றாள். பிறகு நான் கத்தவில்லை.

அன்று பிற்பகல், எப்பாங் வாணலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனில் அதே அத்தியாயத்தை மறுபடி படித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தெருமுனையில் மெட்டு கேட்டது. அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. சாவு வருகிறது என்று நினைத்தவள் அடுப்பைத் தணித்து, கடைத் தட்டியைப் பாதி இறக்கி, சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் இறக்கியதைப் பார்த்துக் கருவாட்டுக்காரி இறக்கினாள். எதிர்வீட்டு இளம் தாய் ஓடிப்போய்த் தொட்டிலில் கிடந்த குழந்தையை உலுக்கித் தூக்கினாள், அது வீரிட்டது. மெக்கானிக் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். எனக்கு வருவது என்னவென்று தெரியும். தெரிந்தேதான் என் ஷட்டரை இழுத்தேன். நன்றாகச் சத்தம் வரும்படி இழுத்தேன்.

வண்டி வந்தது. அன்றைக்குப் பார்த்துத் துலோவே அதில் உட்கார்ந்திருந்தார். மாலை போட்டு, பல்லைக் காட்டி, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் முறையும் வருகிறார் துலோ! இரண்டு பக்கமும் கடைகள் பாதி மூடியிருக்கின்றன, ஜனங்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள், குழந்தைகள் அலறுகின்றன. ஆட்டிய கை மெல்ல இறங்கியது. "யாருப்பா செத்தது?" என்று ஓட்டுநரிடம் கேட்டார். அவனும் வாசகன்தான். வண்டியை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

அதோடு தெருவில் அந்த மெட்டு அடங்கியது. துலோ கொதித்துக்கொண்டு பெல் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எனக்குச் சாவுப்பாட்டு எழுதுனியா?"

"கதைதானே எழுதுனேன் கப்பித்தான். அதை யாரு படிக்கிறா?" என்றாள் பெல். கதவைச் சாத்தவில்லை, கண்ணையும் தாழ்த்தவில்லை. நான் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தேன், ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாதே.

துலோ ஜெயித்துவிட்டார். எதிர்த்து நின்றவன் அவரைவிட மோசம். மாடி அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டினார். பெல் பழையபடி கரண்ட் இருந்தால் எழுதினாள், போனால் பாடினாள். ஆனால் லூமிங் கதையை மட்டும் தொடவில்லை. கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பாட்டைச் சாவுக்குக் கொடுத்தவளுக்குக் கை எழவில்லை. எழுது எழுது என்று எத்தனையோ பேர் கேட்டார்கள்.

மழைக்காலத்தில் துலோவின் தாய் போய்ச் சேர்ந்தாள். துக்க வீட்டிலிருந்து கறுப்புச் சட்டையோடு அவர் வந்தபோது நான் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். சவரம் செய்யாத முகத்தில் மீசை காணாமல் போயிருந்தது.

"அம்மா, தன் கடைசி ஊர்வலத்துல அந்தப் பாட்டைப் பாடணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. எப்பாங் சொல்றா, தினமும் அம்மாவுக்குக் கதையைப் படிச்சுக் காட்டுனாளாம். எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, இந்தப் பத்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். "பாடலாமா? உன்னைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பாடறேன். ஆனா பாட்டு தனியா வராது. பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னால அந்த அத்தியாயத்தைப் படிக்கணும். நீங்கதான் படிக்கணும்" என்றாள் பெல்.

இழவு வீட்டிலா நிபந்தனை போடுவது என்று எனக்கே பதறியது. அவர் போனை நீட்டி, எங்கே இருக்கிறது காட்டு என்றார்.

படித்தார். பேச்சில் புலியான மனிதர், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரைப் போலத் தடுமாறித் தடுமாறிப் படித்தார். குழந்தைகளை எழுப்புகிற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. எப்பாங் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு மீதியைப் படித்து முடித்தார். பெல் கிடாரோடு பெட்டிக்கு முன்னால் நடந்தாள். தெருவெங்கும் ஷட்டர்கள் இறங்கின. நான் என்னுடையதைச் சத்தம் வராமல் இறக்கினேன்.

இடுகாட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் எங்காவது நின்று போனால்தான் செத்தவர் பின்னாலேயே வர மாட்டார். எல்லோரும் என் கடையில் நின்று காபி குடித்தார்கள். துலோ காபியை வாங்கிக்கொண்டு பெல் வீட்டு வாசலுக்குப் போனார். மாடி அறைச் சாவியைக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். நன்றி சொல்வார் என்றுகூட நினைத்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்புறம் அந்த லூமிங் என்ன ஆனா?" என்று கேட்டார்.

பெல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு திமிர் திரும்பி வந்தது.

"வரிசையில நில்லுங்க கப்பித்தான். உங்களுக்கு முன்னால வேலைவெட்டி இல்லாத பொம்பளைங்க நிறையப் பேர் நிக்கிறாங்க" என்றாள். பிறகு என் கடைப் பக்கம் எட்டி என்னைக் கூப்பிட்டாள். "மானாங், பெட்டியைப் போடுங்க. சத்தமா போடுங்க."