பார்க்காத ரத்தம்

நூற்று அறுபத்தேழு, நூற்று அறுபத்தெட்டு என்று உதடு அசைகிறது. வலது கண் மைக்ராஸ்கோப்பில் பதிந்திருக்கிறது. இடது கண்ணும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் எதையும் பார்ப்பதில்லை. தபால்காரர் வந்து நின்று, "சார், ஒரு கையெழுத்து" என்கிறார். உமாபதி இடது கையை மட்டும் தூக்கிப் பொறு என்று காட்டுகிறார். கண்ணாடித் துண்டில் இருநூறு இடங்களை எண்ணிப் பார்த்து முடித்த பிறகுதான் தலை நிமிர்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே கண்ணாடித் துண்டை மறு ஓரத்திலிருந்து திரும்பவும் தொடங்குகிறார்.

"ரெண்டாவது தபா பாத்தா இன்னா, தேஞ்சா பூடும்?" என்பார், யாராவது சிரித்தால்.

காஞ்சிபுரத்தில் ஓர் அரசாங்க ரத்தப் பரிசோதனைக் கூடம் அது. பெயர் வேண்டாம். அங்கே அவர் பரிசோதகர், நான் எழுத்தர். சுற்றுக் கிராமங்களில் காய்ச்சல் கண்டவர்களின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவிக் கொண்டு வருவார்கள். அதில் மலேரியாக் கிருமி உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்வது உமாபதியின் வேலை. அவர் சொல்வதைச் சீட்டில் எழுதி அனுப்புவது என் வேலை.

வயது நாற்பத்தேழு. பிள்ளையார்பாளையத்தில் வீடு. அண்ணன் தம்பி இருவரும் தறியில் உட்கார, இவர் மட்டும் படித்துவிட்டு மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார். ரத்தத்துக்கு ஏற்றும் நீலச் சாயம் பத்து விரல்களிலும் ஊறிப்போயிருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "எந்தச் சாயப்பட்டறைங்க?" என்று கேட்பார்கள். "கவர்மெண்டு பட்டறை" என்பார். மேற்கொண்டு விளக்கமாட்டார்.

ரத்தத்தில் உள்ள அணுக்களுக்கெல்லாம் அவர் வைத்திருக்கும் பெயர்கள் புத்தகத்தில் கிடையா. உட்கரு மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும் வெள்ளையணுவுக்கு 'ஒட்டிட்ட இட்லி' என்று பெயர். உடம்பு முழுவதையும் உட்கருவே அடைத்துக்கொண்டிருக்கும் இன்னொன்று 'பலாக்கொட்டை'. ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக மின்னுவது 'கேசரி'. பசி நேரத்தில் இந்தப் பட்டியலைக் கேட்க முடியாது. சிவப்பணுவுக்கு மட்டும் தின்பண்டப் பெயர் இல்லை. "அது பாவம்பா. மத்ததுக்கெல்லாம் நடுவுல உட்கருன்னு ஒரு எஜமான் இருக்குது. இதுக்கு அதுவும் இல்ல. காத்த சொமந்துக்கினு ஒடம்பெல்லாம் ஓடுறது ஒண்ணுதான் தெரியும். தொறந்து போட்ட வூடு. எவன் வேணும்னாலும் உள்ள பூந்துக்கலாம்."

இவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது கேட்டுக்கொண்டே கண்ணாடித் துண்டுகளை அடுக்கினார். பிறகு, "எழுது. ஆனா அந்த மாகறல் சமாச்சாரத்த வுட்டுட்டு எழுதினியானா, அப்பால என் மூஞ்சில முழிக்காதே" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மலேரியா ஒழிந்துவிட்டது என்றே எல்லாரும் நம்பினோம். ஒரு வருடம் முழுவதும் பார்த்தாலும் ஒரு கிருமி தென்படாது. இரண்டாவது வருடமும் அப்படியே. இல்லாத ஒன்றை நாள் முழுக்கத் தேடுகிறவனின் கண் எத்தனை நாள் உண்மையாகத் தேடும்? உமாபதியின் கண் ஏழாவது வருடத்தில் நின்றுபோனது. கண்ணாடிகளுக்கு ஒழுங்காகச் சாயம் ஏற்றுவார், காய வைப்பார், எண்படி அடுக்குவார். பார்க்கமாட்டார். "இல்லை, இல்லை, இல்லை" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். பூஜ்யத்தில் முடியும் எண்ணுள்ள துண்டுகள் மட்டும் மறுபரிசோதனைக்காகச் சென்னைக்குப் போகும். அவற்றை மட்டும் சிரத்தையாகப் பார்ப்பார்.

ஒரே நாளில் நூற்றெண்பது துண்டுகளை ஒரு மனிதன் பார்த்து முடிக்க முடியாது என்பது கூட்டல் தெரிந்த எவனுக்கும் விளங்கும். எனக்குக் கூட்டல் தெரியும். நான் எழுதினேன். பாக்கி இல்லாமல் வேலை முடிக்கும் கூடம் என்று மேலதிகாரி எங்கள் இருவரையும் பாராட்டினார்.

எழுபத்து நான்காம் வருடம் கார்த்திகை மாதம். கிராமங்களிலிருந்து ரத்தம் எடுத்து வரும் கோதண்டபாணி, சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். ஊர்க்கதை சொல்வதுபோல்தான் ஆரம்பித்தான்.

"மாகறல்ல சின்னப்பையன்னு ஒரு ஆளு. கழனி வேலை. அவன் பொண்டாட்டி ரேணுகாம்பாளுக்குக் காச்சல் வுடவே இல்லப்பா. மூணு தபா நானே ரத்தம் எடுத்தாந்தேன். ஆடில ஒண்ணு, ஆவணில ஒண்ணு, பொரட்டாசில ஒண்ணு. மூணும் இல்லன்னு வந்துடுச்சி. டவுன் டாக்டரு நம்ம சீட்ட பாத்துட்டு, அப்ப இது டைபாய்டுன்னு வேற மருந்து குடுத்துக்கினு இருந்தாரு. ஐப்பசில வயித்துலயே புள்ள பூட்டுது. ஆறு மாசம். தலைச்சன் புள்ள."

உமாபதி டம்ளரைக் கீழே வைத்தார். "நம்பர் இருக்குதா?" என்று கேட்டார்.

அன்று பிற்பகல் பழைய பெட்டிகளை இறக்கினார். மூன்று துண்டுகளும் கிடைத்தன. எதன் எண்ணும் பூஜ்யத்தில் முடியவில்லை. பெரிய லென்ஸால் பார்க்க வேண்டுமானால் கண்ணாடியின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். எத்தனை துடைத்தாலும் அந்த இடத்தில் ஒரு மங்கல் தங்கிவிடும். மூன்று துண்டுகளையும் அவர் வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். மங்கல் இல்லை. மூன்றும் பளிச்சென்று இருந்தன.

ஆடி மாதத்துத் துண்டில் எண்ணெய் விட்டுக் கண்ணை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்றார். நான்கு என்று சொல்லவில்லை.

"நீயும் பாரு" என்று எழுந்து கொண்டார்.

எனக்குக்கூடத் தெரிந்தது. வெளிறிய வட்ட வட்டமான சிவப்பணுக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் உப்பியிருந்தது. அதற்குள் ஒரு நீல வளையம், வளையத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. தேடவே வேண்டியதில்லை. நிமிர்ந்தபோது உமாபதி அறையில் இல்லை. கொல்லைப் பக்கம் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நீலம் எப்படிப் போகும்? தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளே மருந்து போயிற்று. ஊர் முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இன்னும் பதினொரு பேருக்கு இருந்தது. அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள். ரேணுகாம்பாளுக்கும் காய்ச்சல் விட்டது. உமாபதி நடந்ததை மேலதிகாரியிடம் சொன்னார். "இப்ப பார்த்ததா எழுதுங்க. பழைய தேதியக் கிளறாதீங்க" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அத்துடன் அது முடிந்திருக்கலாம். எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

மார்கழியில் ஒருநாள் அவர் என்னையும் அழைத்துக்கொண்டு மாகறலுக்குப் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனோம். சின்னப்பையன் எங்களைக் கண்டதும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டான். "காச்சல கண்டுபுடிச்ச டாக்டரு இவருதான்" என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். ரேணுகாம்பாள் இரண்டு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள். இருபது வயது இருக்கும். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். உமாபதி மோரைக் கையில் வாங்கிக்கொண்டார். "ஒடம்பு எப்படி இருக்குதும்மா?" என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் திரும்பும்போது, "குடிச்சிட்டேன்பா. அந்த மோரையும் குடிச்சிட்டேன்" என்றார்.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு அவர்கள் இருவரும் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். உமாபதிதான் கோதண்டபாணியிடம் சொல்லியனுப்பி வரவழைத்திருந்தார். வெளிச்சம் நன்றாக விழும் நேரம் அது. "வாயால சொல்லத்தான் வரல. கண்ணால பாக்கட்டும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

தன் முக்காலியைத் துடைத்து அவளை உட்காரச் சொன்னார்.

"நான் இங்கியே குந்திக்கிறேன் சார்" என்று அவள் தரையைக் காட்டினாள்.

"இங்க குந்தினாத்தாம்மா தெரியும்."

முதலில் அவளுக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் மைக்ராஸ்கோப்பின் அடியிலிருக்கும் சிறு முகக்கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தை உள்ளே விட்டார். அவள் தோள் சட்டென்று நிமிர்ந்தது.

"ஐய! இன்னா சார் இது, வட்ட வட்டமா? எம்மா!"

"உன் ரத்தம்மா."

"என்னுதா? செவப்பா இல்லியே?"

"ஒண்ணொண்ணா பாத்தா அப்படித்தான் வெளுப்பா இருக்கும். கூட்டமா சேந்தாத்தான் செவப்பு."

"இதுங்கதான் உள்ள ஓடிக்கினு இருக்குதுங்களா?" சிரித்துக்கொண்டே கணவனைக் கூப்பிட்டாள். "யோவ், வந்து பாரேன், கோலப்புள்ளி மாதிரி இருக்குது."

"ஆமாம்மா. மூச்சுக் காத்த சொமந்துக்கினு ஒடம்பு முழுக்க ஓடும். வயித்துப் புள்ளைக்கும் அதுங்கதான் கொண்டுபோயி…" அவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஒண்ணு மட்டும் ஊதிக்கினு இருக்குதே. உள்ள இன்னா, மூக்குத்தி மாதிரி?"

"அதாம்மா உன் காச்சல்."

"இப்ப எடுத்ததுலயா?"

"இல்ல. போன ஆடில எடுத்தது."

அவள் கண்ணை எடுத்தாள். "ஆடில இல்லன்னுதானே சீட்டு வந்துது?"

"நான்தான் சொன்னேன். பாக்காம சொன்னேன். கண்ணு தெரியாம இல்லம்மா. தப்பாப் பாத்தும் இல்ல. பாக்கவே இல்ல. ஆவணில வந்ததும் பாக்கல. பொரட்டாசில வந்ததும் பாக்கல."

'இல்லை' என்று எழுதிய கை என்னுடையது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

சின்னப்பையன் கும்பிட்டான். "வுடுங்க சார். எங்க தலையெழுத்து. நீங்க எத்தினி பேருக்குத்தான் பாப்பீங்க."

"தலையெழுத்து இல்லப்பா. என் எழுத்து."

ரேணுகாம்பாள் கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆடிலயே பாத்திருந்தா?" என்றாள்.

"மாத்திரை குடுத்திருப்பாங்க. காச்சல் வுட்டிருக்கும்."

"புள்ள?"

"தெரியலம்மா. இருந்திருக்கலாம்."

அடுத்த தெருவில் தறிச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அவள் குனிந்து இன்னொரு முறை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். எழுந்தபோது அவள் குரலில் 'சார்' இல்லை.

"இத்த நான் எடுத்துக்கினு போறேன்."

"எதுக்கும்மா?"

"அது வயித்துல இருந்தப்ப எடுத்த ரத்தம்தானே இது."

கண்ணாடித் துண்டுகள் அரசாங்கத்தின் உடைமை. ஓர் எண் குறைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

உமாபதி துண்டை எடுத்து, ரத்தம் கலையாமல் எண்ணெயைப் பஞ்சால் ஒற்றினார். மெல்லிய காகிதத்தில் சுற்றி, அதன்மேல் இன்னொரு காகிதம் சுற்றி, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை.

"அங்க வையி" என்று மேசையைக் காட்டினாள்.

அவர் மேசை ஓரத்தில் வைத்தார். அவருடைய கை முழுவதும் விலகும்வரை காத்திருந்து, பிறகு அவள் அதை எடுத்துக்கொண்டாள்.