கூடுதலாகக் கட்டிய டேப்

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷத்தில் காஜா பெராங் தெருவில் பட்டறை வைத்து மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். எரிந்த செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றி, பருத்தி டேப் கட்டி, வார்னிஷில் முக்கி உலர்த்தும் வேலை. கைராசிக்காரன் என்று பெயர் வேறு. தலைக்கனத்துக்குக் கேட்பானேன்!

தெங்கேராவில் ஓர் ஐஸ் தொழிற்சாலையின் மோட்டார் என்னிடம் வந்தது. அதை ஓட்டுபவன் என் தம்பி. செமாபோக்கில் அவனுக்குப் பரிசம் போட்டாகிவிட்டது, தையில் கல்யாணம். தம்பி ஓட்டும் மோட்டாராயிற்றே என்று வழக்கத்தைவிட ஒரு சுற்று டேப் கூடுதலாகக் கட்டினேன்.

"மணிக்கொரு தடவ மேல கைய வெச்சுப் பாரு. பத்து எண்ணுற வரைக்கும் கை தாங்குனா பயமில்ல" என்று சொல்லியும் அனுப்பினேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம்.

சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஐஸ் கேட்டு ஊரே மொய்த்தது. மோட்டார் ஓயாமல் ஓடியது. மூன்றாம் நாள் நடுப்பகலில் புகைந்து நின்றுவிட்டது.

தொழிற்சாலை முதலாளியான சீனத் தவுக்கே ஆளனுப்பினார். போய்ப் பிரித்துப் பார்த்தேன். வெளி டேப் நிறம்கூட மாறவில்லை. உள்ளே விரல்கடை அளவு ஓர் இடம் கருகி, அங்கிருந்து பக்கத்துக் கம்பிகளுக்கும் பரவியிருந்தது. ஓடுகிற காயிலில் சூடு பிறக்கத்தான் செய்யும். அது வெளியேற வழி வேண்டும். காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்திய மாதிரி நான் அந்த வழியை அடைத்திருந்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"சியாப்பா சாலா?" யார் தப்பு என்று தவுக்கே கேட்டார். தம்பி பக்கத்திலேயே நின்றான்.

"ஓவர்லோட்" என்றேன். ஓட்டியவன் அளவுக்கு மேல் சுமை ஏற்றிவிட்டான் என்று அர்த்தம். பட்டறையின் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். வெட்கங்கெட்ட பயம்.

அன்றே அவனுக்கு வேலை போயிற்று. பத்து நாளில் செமாபோக்கிலிருந்து பரிசத் தட்டும் திரும்பி வந்தது. அம்மா அதை யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து வைத்தாள்.

சிங்கப்பூருக்குப் பஸ் ஏறும் முன் தம்பி பட்டறைக்கு வந்தான்.

"நான் லோடு ஏத்தலண்ணே. நீங்க சொன்னபடி மணிக்கொருக்கா தொட்டுப் பாத்தேன். மேல சூடே தெரியல."

"தெரியும்டா" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். அடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"தெரிஞ்சுமாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான். அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.