புல்லியில் இருந்த வெள்ளைக் கோடு

லொறிக்கு மாற்றிப் போட்ட எஞ்சின் பழுது என்று தம்பி சொன்னபோது, முதலில் நான் அவனைத்தான் சந்தேகித்தேன். சல்லிக் கடற்கரையில் உள்ள மீன் வாடிகளுக்கு ஐஸ் ஏற்றும் எங்கள் பழைய பெற்றோல் லொறி அது. அதை விற்றுவிட்டு டீசல் வண்டி எடுக்க வேண்டும் என்பது அவனுடைய கனநாள் ஆசை.

ஒருநாள் நானே பக்கத்தில் ஏறி இருந்து பார்த்தேன். வெறும் லொறி ஒழுங்காக ஓடியது. பாரத்தோடு ஏற்றத்தில் மிதித்ததும், உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். இழுவையும் இல்லை.

எஞ்சின் பழையதுதான், நகரத்தில் ஒரு வியாபாரியிடம் வாங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் திருப்பி எடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு நல்லதோ கெட்டதோ எங்கள் தலையில். அவரும் எஞ்சினைப் பூட்டிய மெக்கானிக்கும் கூட்டாக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை தம்பியோடு கிண்ணியாவில் உள்ள கராஜுக்குப் போனேன்.

மெக்கானிக் நானா எனக்குக் கதிரை போட்டு, உறிஞ்சிக் குடிக்க ஸ்ரோவோடு ஒரு சோடாவும் வாங்கித் தந்தார். உபசாரம் கூடினால் எனக்கு யோசனையும் கூடும்.

"டைமிங் நான் லைட் புடிச்சு வெச்சது தங்கச்சி. வந்து பாருங்க."

எஞ்சினை ஓடவிட்டு லைட்டைப் பிடித்தார். விட்டு விட்டு எரிந்த வெளிச்சத்தில், பெல்ட்டோடு சுழலும் சில்லான புல்லியின் வெள்ளைக் கோடு அசையாமல் தெரிந்தது. பிளக்கில் பொறி விழும் நேரத்தை அந்தக் கோடுதான் காட்டும். நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது.

"லைட் பொய் சொல்லுமா?"

"லைட் சொல்லாது நானா. அந்த வெள்ளைக் கோடு ஆர் கீறினது?"

"கோடு கம்பெனி வெட்டு. நான் பெயின்ட்தான் பூசின."

"இந்த எஞ்சினோட வந்த புல்லியோ?"

லைட்டை அணைத்தார். "அதுல ஒங்கட பெல்ட் பொருந்தாது. பழைய எஞ்சின்ட புல்லியத்தான் போட்ட. வெட்டு ரெண்டுலயும் ஒண்டுதான்."

"அப்ப இதின்ர புல்லி எங்க?"

தம்பி என் முழங்கையைத் தொட்டான். "அக்கா, ஆளைக் கள்ளனாக்காதைங்கோ."

"ஒங்கட அக்கா பொலிசுல இருக்க வேண்டிய ஆளு," என்ற நானா, அலுமாரியைத் திறந்து கடதாசியில் சுற்றிய புல்லியை எடுத்து என் கையில் தந்தார். அதை விற்றிருப்பார் என்றே நான் நினைத்திருந்தேன். அவருக்கு இப்போது உண்மையாகவே கோபம். "ரெண்டும் ஒண்டுதான் எண்டு காட்டுறன், பாருங்க."

முதலாவது பிளக்கைக் கழற்றி, என் போத்தலில் இருந்த ஸ்ரோவைக் கேளாமலே உருவி, அந்த ஓட்டைக்குள் விட்டார். தம்பி எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினான். பிஸ்டன் ஏற ஸ்ரோவும் ஏறி, உச்சியில் நின்றது. அந்த இடத்தில் வெள்ளைக் கோடு எஞ்சினில் உள்ள பூச்சியக் குறிக்கு நேரே வந்திருக்க வேண்டும். இரண்டு விரல் அளவு தள்ளி நின்றது.

நானா குனிந்து பார்த்தார். திரும்பவும் சுற்றச் சொல்லிப் பார்த்தார்.

"இந்த எஞ்சினுக்கு வெட்டு வேற இடத்துல," என்றார் கடைசியில். "அப்ப பொறி நேரத்துக்கு முந்தியே விழுந்திருக்கு. அதான் தட்டியிருக்கு."

புதிய இடத்தில் கோடு கீறி, பிளக்குகளுக்குப் பொறியை அனுப்பும் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை மறுபடி வைத்தார். திரும்பும் வழியில் ஐஸ் ஏற்றினோம். ஏற்றத்தில் தட்டும் சத்தம் வரவில்லை.

வெள்ளி காலை வியாபாரிக்கு நானே கோல் எடுத்தேன். நான் வாய் திறக்கமுதல், "என்னக்கா, சரிவரேல்லையோ? இண்டைக்கே ஆள் அனுப்பிக் கழட்டி எடுக்கிறன்," என்றார். விற்ற பொருளைத் திருப்பி எடுக்க இவ்வளவு அவசரமா? கூடின விலைக்கு யாரோ கேட்டிருக்க வேண்டும்.

"இல்லை. எஞ்சின் எங்களிட்டயே இருக்கட்டும்."

"வடிவா யோசிச்சுத்தானோ சொல்லுறீங்கள்?"

"ஓம்," என்று போனை வைத்தேன்.

"பாவம், நல்ல மனிசன்," என்றான் தம்பி.